குருதிச் சோதனை சொல்வதும் சொல்லாததும்

பச்சைக் குழந்தைக்குக் கிருமித்தொற்று எனச் சந்தேகம் வந்தால், வைத்தியசாலையில் சிறிது குருதி எடுத்து 'சி.ஆர்.பி.' சோதனைக்கு அனுப்புவார்கள். இச்சோதனை எதற்கு என்பதைப் பெற்றோராகிய நாம் அறிந்திருப்பது அவசியம்.

உடலில் அழற்சி ஏற்படும்போது ஈரல் ஒருவகைப் புரதத்தைக் கூடுதலாக உண்டாக்குகிறது. அதுவே சி.ஆர்.பி. 1930இல் அமெரிக்காவில் ரில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர் நியூமோனியா நோயாளரின் குருதியில் இதனைக் கண்டனர். லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் தொற்று இருக்கலாம் எனப் பொதுவாகக் கருதப்படும்.

ஆயினும் இச்சோதனைக்கு இரண்டு குறைகள் உண்டு.

முதலாவது, இப்புரதம் உடனே உயர்வதில்லை. தொற்றுத் தொடங்கி 6 முதல் 12 மணித்தியாலம் செல்லும். ஆகவே முதற் சோதனையில் குறைவாக இருந்தாலும் நோய் இல்லை என்று முடிவு செய்யலாகாது. ஒரு நாள் கழித்து மீண்டும் குருதி எடுப்பது இதற்காகவே. "ஏன் பிள்ளையைத் திரும்பவும் குத்துகிறார்கள்?" என்று தாய்மார் கலங்க வேண்டாம். இரண்டாம் முறையும் குறைவாக இருந்து, பிள்ளையும் சுகமாக இருந்தால், தேவையற்ற அன்ரிபயோற்றிக் மருந்தை நிறுத்த அது வைத்தியருக்கு உதவும்.

இரண்டாவது, உயர்வுக்குக் காரணம் எது என்பதை இச்சோதனை சொல்லாது. நெற்பயிர் மஞ்சளானால் பசளைக் குறைவா, பூச்சியா, நீர் தேங்கியதா என்று இலை மட்டும் சொல்லுமா? அதுபோலத்தான் இதுவும். கடினமான பிரசவத்தாலும் அளவு உயரலாம். கிருமி எது என அறியக் குருதியில் கிருமி வளர்க்கும் சோதனை வேண்டும். அதற்கு ஓரிரு நாளோ மேலுமோ செல்லும்.

எனவே சோதனை, பிள்ளையைப் பார்த்து அறிவதற்குத் துணையே அன்றி அதற்குப் பதில் அன்று. இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தையில் பின்வருவனவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வோம்:

1. பால் குடிக்க மறுத்தல்
2. காய்ச்சல், அல்லது உடல் சில்லிடுதல்
3. நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்ளிழுத்தல்
4. வலிப்பு
5. அசைவு குறைந்து சோர்ந்து கிடத்தல்

விடியட்டும் எனக் காத்திருக்க வேண்டாம். வழியில் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துச் சூடாக வைத்திருப்போம். குடிக்குமாயின் தாய்ப்பால் கொடுப்போம்.

கலந்துரையாட: நாம் இருக்கும் இடத்திலிருந்து இரவில் வைத்தியசாலைக்குச் செல்ல என்ன வாகனம் உண்டு? யாரை எழுப்ப வேண்டும்?