டிரிப்சின் எங்கே வெட்டும்?

அன்புள்ள கயல்விழிக்கு,

டிரிப்சின் புரதச் சங்கிலியை வெட்டும் என்று பாடத்தில் இருக்கிறது, ஆனால் எந்த இடத்தில் வெட்டுகிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் எனக் கேட்டிருந்தாய். முழுப் புரதத்தைக் கொடுத்தால், வந்த துண்டு எது, எங்கிருந்து வந்தது என்று சொல்ல அந்தக் காலத்தில் வழியில்லை. அதனால் அமினோ அமிலங்களைத் தாங்களே கோத்துச் சிறு சங்கிலிகள் செய்து நொதிக்குக் கொடுத்தார்கள். கோத்த வரிசை தெரியும் என்பதால், உடைந்த இடமும் தெரிந்துவிடும்.

பெர்லினில் எமில் ஃபிஷர் 1901-இல் இரண்டு கிளைசினை இணைத்தார்; 1907-க்குள் 18 அமினோ அமிலங்கள் வரை நீட்டினார். அவர் செய்த பெப்டைடுகளை, டிரிப்சின் உள்ள கணைய நீரில் விட்டபோது சில உடைந்தன, சில உடையவில்லை. அமினோ அமிலத்துக்கு இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவம் உண்டு அல்லவா? நம் புரதங்களில் இருக்கும் எல் வடிவத்தால் ஆனதைத்தான் கணைய நீர் உடைத்தது. அந்த 18-ஐவிட எனக்கு இதுதான் பெரிய கண்டுபிடிப்பாகப் படுகிறது.

பெப்சின்தான் சிக்கல். இறைச்சியையே கரைக்கும் அந்த இரைப்பை நொதி, ஃபிஷரின் பெப்டைடுகளைத் தொடவில்லை. புரதத்தில் வேறு வகைப் பிணைப்பும் இருக்குமோ என்ற சந்தேகம்கூட எழுந்தது. ஃபிஷரின் உதவியாளராக இருந்த மாக்ஸ் பெர்க்மன், 1932-இல் லியோனிடாஸ் செர்வாஸுடன் சேர்ந்து ஒரு வழி கண்டார்: அமினோ அமிலத்தின் ஒரு முனையைத் தற்காலிகமாக மூடிவைத்து அடுத்ததை இணைப்பது, பிறகு பெப்டைடு கெடாமல் ஹைட்ரஜனால் மூடியைக் கழற்றுவது. விரும்பிய வரிசையில் கோப்பது எளிதானது. அடுத்த ஆண்டே நாஜி ஆட்சியால் ஜெர்மனியை விட்டு நியூயார்க் போனார். அங்கே ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஜோசப் ஃப்ருட்டனோடு குளூட்டாமிக் அமிலமும் டைரோசினும் சேர்ந்த பெப்டைடு ஒன்றைச் செய்து கொடுத்தார். பெப்சின் அதை வெட்டியது. பிணைப்பு அதே பெப்டைடு பிணைப்புதான். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைத்தான் நொதி பார்க்கிறது.

நீ கேட்ட டிரிப்சினுக்குப் பிடித்தவை லைசினும் அர்ஜினினும். இரண்டும் நேர் மின்னூட்டம் கொண்ட நீண்ட கிளை உடையவை. டிரிப்சினில் ஒரு குழி. அதன் அடியில் எதிர் மின்னூட்டத்தோடு 189-ஆம் இடத்து ஆஸ்பார்டிக் அமிலம். கிளை குழிக்குள் இறங்கி நின்றதும், 195-ஆம் இடத்து செரின் பக்கத்துப் பிணைப்பைத் தாக்குகிறது. ஒரு துண்டு விலகிப் போகும், மற்றது செரினோடு ஒட்டிக்கொள்ளும். நீர் மூலக்கூறு வந்து அதையும் விடுவிக்கும். அர்ஜினினுக்கு அடுத்து புரோலின் இருந்தால் பெரும்பாலும் வெட்டு விழாது.

கல்லூரிக்குப் போனதும் இதைக் கண்ணாலேயே பார்ப்பாய். அர்ஜினினோடு நைட்ரோஅனிலின் சேர்த்த நிறமற்ற செயற்கைப் பொருளில் மாட்டு டிரிப்சினை விட்டால், வெட்ட வெட்டக் கரைசல் மஞ்சளாகும்.

மருந்து செய்பவர்களுக்கு இதே அறிவு தலைகீழாகப் பயன்படுகிறது. வாசோபிரசின் ஹார்மோனின் எட்டாம் இடத்து அர்ஜினினுக்குப் பின்னால் டிரிப்சின் வெட்டும். அங்கே எல்லுக்கு எதிர்க்கை போன்ற டி வடிவ அர்ஜினினை வைத்துச் செய்ததுதான் டெஸ்மோபிரசின். அதில் மிகச் சிறிய பங்கே குடலிலிருந்து இரத்தத்தில் சேர்ந்தாலும், அதுவே போதும் என்பதால் மாத்திரையாகவும் தருகிறார்கள். இன்சுலினை இப்படி மாத்திரையாக்குவது அவ்வளவு எளிதல்ல: அதில் டிரிப்சினுக்கே இரண்டு இடங்கள், கைமோடிரிப்சின் என்ற இன்னொரு கணைய நொதிக்கு இன்னும் பல. ஒன்றை மாற்றினால் தீராது.

அன்புடன்,
மாமா