ஏற்றத்தில் நிற்காத வண்டி

நுழையும்முன்

கார் ஓட்டுபவரைக் காணும்போது நம் கண் அவர் கையிலுள்ள ஸ்டீயரிங் சக்கரத்தையே நாடும். கியர் மாற்றி ஓட்டும் காரைப் பழகுவோர்க்கோ முதல் பாடம் இடக்காலில் தொடங்குகிறது. கிளட்ச் என்னும் மிதியை எவ்வளவு மெல்ல விடுவது என்பதே அப்பாடம். அதை அறியாதவர் வண்டியை எடுத்ததும் வண்டி குலுங்கி நின்றுவிடும். அவ்வாறு நிற்பது ஏன், நிற்காமல் செலுத்துவது எவ்வாறு, நின்றுவிட்டால் செய்ய வேண்டியது யாது என்பவற்றை இப்பாடத்தில் கற்போம்.

1. நம் ஊரும் சாலையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் நீண்ட சுவரில் அமைந்த பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய் ஆகும். அதன் அகலம் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர். சேலத்திலிருந்து கோயம்புத்தூர், வாளையார், பாலக்காடு, திருச்சூர் வழியாகக் கொச்சி நோக்கிச் செல்லும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இக்கணவாயைக் கடக்கிறது. அச்சாலையில் அமைந்த தொழில் ஊர் கஞ்சிக்கோடு. தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் பல இங்கு வாழ்கின்றன. சரக்கு லாரிகளும் பேருந்துகளும் கார்களும் இரவு பகலாக இச்சாலையில் ஓடுகின்றன.

கணவாய்ப் பகுதி பெரும்பாலும் சமவெளி போன்றது. அதைவிட்டு அகன்றால் சாலையின் தன்மை மாறிவிடும். தெற்கே நெல்லியாம்பதிக்கு மலைச்சாலை வளைந்து ஏறுகிறது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து இடுக்கி மாவட்டத்திற்குப் போடிமெட்டு வழியாக ஏறிச் செல்ல வேண்டும். விடுமுறையில் சொந்த ஊருக்கும் உறவினர் வீட்டுக்கும் இத்தகைய சாலைகளில் நாம் செல்கிறோம். எனவே, ஏற்றத்தில் வண்டியை நிற்காமல் செலுத்தும் திறன் நம் பகுதி ஓட்டுநர்க்கு இன்றியமையாதது.

2. எந்திரம் நின்றுபோவது ஏன்?

கார் எந்திரத்தின் உருளைக்குள் நான்கு செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன. காற்றை உள்ளிழுத்தல், அதை அழுத்துதல், எரிபொருளை எரித்தல், புகையை வெளியேற்றுதல் என்பன அவை. இந்நான்கனுள் எரித்தல் ஒன்றே ஆற்றலைத் தருகிறது. ஏனைய மூன்றும் முன்பே சுழன்றுகொண்டிருக்கும் கனமான சக்கரத்தின் வேகத்தால் நடைபெறுகின்றன. அச்சக்கரத்திற்கு ஃபிளைவீல் என்று பெயர்.

வண்டி அசையாமல் நிற்கும்போதும் எந்திரம் ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 700 முதல் 900 முறை சுழல்கிறது. அச்சுழற்சி மிகவும் குறைந்தால், அடுத்த முறை காற்றை அழுத்துவதற்குரிய வேகம் சக்கரத்தில் எஞ்சியிராது. எந்திரம் நின்றுபோகும்.

இதோ சிக்கல் தொடங்குகிறது. எந்திரமோ சுழன்றுகொண்டிருக்கிறது, சாலையிலுள்ள சக்கரங்களோ அசையாமல் நிற்கின்றன. இவ்விரண்டையும் ஒரே நொடியில் இறுக இணைத்தால், ஓடும் எந்திரம் நிற்கும் வண்டியைத் தன் வேகத்திற்கு இழுக்க இயலாது. மாறாக, நிற்கும் வண்டி எந்திரத்தையும் நிறுத்திவிடும்.

3. கிளட்சின் பணி

எந்திரத்தையும் சக்கரங்களையும் சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் உறுப்பு கிளட்ச். ஃபிளைவீலின் முகத்தோடு ஒட்டி நிற்கும் ஒரு வட்டத் தகட்டை எண்ணிப் பாருங்கள். அதன் இரு பக்கங்களிலும் உராய்வுப் பொருள் பதிக்கப்பட்டிருக்கும். மிதியை அழுத்தினால் தகடு விலகும். எந்திரம் தனியே சுழலும். மிதியை விட்டால் தகடு ஃபிளைவீலோடு ஒட்டும். எந்திரத்தின் ஆற்றல் கியர்பெட்டி வழியாகச் சக்கரங்களைச் சேரும்.

ஒட்டியும் ஒட்டாமலும் தகடு வழுக்கிக்கொண்டே சுழலும் ஓர் இடைநிலை உண்டு. அந்நிலையில்தான் வண்டி மெல்ல நகரத் தொடங்குகிறது. பழகுநர் இதனைக் ‘கிளட்ச் பிடிக்கும் இடம்’ என்பர். அவ்விடத்தை மூன்று அடையாளங்களால் அறியலாம். எந்திரத்தின் ஒலி சற்றுத் தாழும். வண்டியில் மெல்லிய அதிர்வு தோன்றும். முன்பகுதி சிறிது எழுவது போலிருக்கும். காரும் கிளட்சின் தேய்மானமும் மாறுபடுவதால் அவ்விடமும் காருக்குக் கார் மாறும். எனவே, புதிய காரில் அமரும் தேர்ந்த ஓட்டுநரும் அதனை மீண்டும் தேடிக் கண்டறிகிறார்.

முதல் கியரின் பணியையும் அறிதல் வேண்டும். முதல் கியரில் எந்திரம் பலமுறை சுழன்றால்தான் சக்கரம் ஒருமுறை சுழலும். அதனால் வேகம் குறைகிறது. இழுக்கும் விசை பெருகுகிறது. கியர் உள்ள மிதிவண்டியில் மேடேறும்போது, கால் விரைவாகச் சுழன்றாலும் வண்டி மெல்லச் செல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இரண்டும் ஒரே தத்துவம். மூன்றாம் கியரில் வண்டியை எடுக்க முயல்வோர் அதை நிறுத்திவிடுவதன் காரணமும் இதுவே.

4. சமதரையில் புறப்படும் முறை

போக்குவரத்து இல்லாத திறந்த வெளியில், உரிமம் பெற்ற பயிற்றுநர் அருகிலிருக்க, பழகுநர் பின்பற்ற வேண்டிய படிகள் இவை:

அ. கைபிரேக் இழுக்கப்பட்டுள்ளதா, கியர் நடுநிலையில் உள்ளதா என நோக்குக.
ஆ. கிளட்ச் மிதியை முழுமையாக அழுத்துக, எந்திரத்தை இயக்குக.
இ. முதல் கியரை இடுக. கண்ணாடிகளிலும் பக்கங்களிலும் பார்க்க.
ஈ. வலக்காலால் ஆக்சிலரேட்டரைச் சிறிது அழுத்தி, எந்திரத்தின் ஒலியைச் சீராக வைத்திருக்க.
உ. கிளட்ச் பிடிக்கும் இடம் வரை இடக்காலை மெல்ல உயர்த்துக, அங்கே நிறுத்துக.
ஊ. கைபிரேக்கை விடுக, வண்டி நகர்ந்து சில அடி செல்லும்வரை இடக்காலை அசைக்காதிருக்க.
எ. அதன்பின் மிதியை முழுமையாக விடுக. காலை மிதியிலிருந்து எடுக்க.

பெரும்பாலோர் தவறுவது ஐந்தாம், ஆறாம் படிகளில். வண்டி அசைந்ததும் வேலை முடிந்தது என்றெண்ணிக் காலைச் சட்டென எடுத்துவிடுவர். ஓரிரு நொடிப் பொறுமையே ஓடும் வண்டிக்கும் நின்றுபோகும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு.

ஓடும்போது கிளட்ச் மிதியின்மேல் காலை வைத்திருத்தலும் கூடாது. தகடு இடைவிடாது வழுக்கிச் சூடேறி, விரைவில் தேய்ந்துவிடும்.

5. ஏற்றத்தில் புறப்படுதல்

10 மீட்டர் செல்வதற்குள் 1 மீட்டர் உயரும் சாலையில் 1000 கிலோகிராம் எடையுள்ள கார் நிற்பதாகக் கொள்வோம். அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசை, காரைப் பின்னோக்கி இழுக்கும். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டருக்கு மாற்றும் சிறுபொழுதிலேயே வண்டி பின்னால் உருளத் தொடங்கும். பின்னால் இருசக்கர வண்டியோ நடந்து செல்வோரோ இருப்பின் உயிருக்கே ஊறு நேரலாம்.

ஆதலால், ஏற்றத்தில் கைபிரேக் துணையாகிறது. கைபிரேக்கை இழுத்த நிலையிலேயே கிளட்ச் பிடிக்கும் இடத்தை அடைதல் வேண்டும். ஆக்சிலரேட்டரைச் சமதரையைவிடச் சற்று மிகுதியாக அழுத்த வேண்டும். வண்டி முன்னேற முனைவதை உணர்ந்த பின்னரே கைபிரேக்கை விடவேண்டும். அப்போது வண்டி ஓர் அங்குலமும் பின்வாங்காது.

இத்திறனைச் சட்டமும் எதிர்பார்க்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15ஆம் விதி ஓட்டுநர் தேர்வைப் பற்றியது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்திப் பின்னோக்கி உருளாமல் மீண்டும் புறப்படச் செய்தலும் அத்தேர்வில் அடங்கும்.

மலைச்சாலைக்குரிய மற்றொரு விதியும் உண்டு. சாலை குறுகியிருப்பின், இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். ஏறும் வண்டி நின்றால் மீண்டும் புறப்படுவது கடினம் என்னும் எந்திர உண்மையே இவ்விதியின் அடிப்படை. இறங்குவோர் கியரை நடுநிலையில் வைத்து வண்டியை உருளவிடுதல் பெரும் பிழை. தாழ்ந்த கியரில் இறங்கினால் எந்திரமே வேகத்தைத் தடுக்கும். பிரேக் சூடேறிச் செயலிழக்கும் அபாயம் குறையும்.

6. நின்றுவிட்டால்?

பழகுநர் எவராயினும் வண்டியைப் பலமுறை நிறுத்தியே தீர்வர். அதில் இழிவில்லை. அந்நேரத்தில் பதறுவதே ஆபத்து. சிக்னலில் வண்டி நின்றுவிட, பின்னால் நிற்கும் லாரி ஒலியெழுப்ப, பழகுநர் அவசரப்பட்டுக் கிளட்சை மீண்டும் சட்டென விடுவார். வண்டி மீண்டும் நிற்கும். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி இங்குப் பொருந்தும்.

முதலில் பிரேக்கை உறுதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். எந்திரம் நின்றபின் பிரேக்கிற்குத் துணைசெய்யும் வெற்றிடம் ஓரிரு அழுத்தங்களுக்கே போதும். எனவே, மிதியை விட்டு விட்டு அழுத்தலாகாது. பல கார்களில் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். அடுத்துக் கைபிரேக்கை இழுத்து, கிளட்சை அழுத்தி, கியரை நடுநிலைக்குக் கொணர்ந்து, எந்திரத்தை இயக்கி, முதற்படியிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கு மாணவராகிய உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. உங்கள் அம்மாவோ அண்ணனோ அக்காவோ கார் பழகும் நாளில் வண்டி நின்றுவிட்டால், பின்னிருக்கையிலிருந்து சிரிக்காதீர்கள், கூச்சலிடாதீர்கள். எந்திரத்தின் ஒலியைக் கேட்டுக் கால் அசைக்கப் பழகுவோர்க்கு உங்கள் அமைதியே பேருதவி.

7. வயதும் பொறுப்பும்

கார் ஓட்டுதற்குரிய வயது 18. இதனை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வரையறுக்கிறது. பழகுநர் உரிமம் ஆறு மாதங்களுக்குச் செல்லும். பழகும் வண்டியில் ‘எல்’ என்னும் எழுத்து முன்னும் பின்னும் தெரிய வேண்டும். ஓட்டுநர் உரிமம் உடைய பயிற்றுநர் உடனிருக்க வேண்டும்.

18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ பொறுப்பாவர். அவர்களுக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்படலாம். அச்சிறுவர் 25 வயதுவரை உரிமம் பெறவும் இயலாது. உழைத்துப் பொருளீட்டப் பிற மாநிலம் வந்த குடும்பத்திற்கு, ஒருநாள் விளையாட்டால் இத்தகைய துன்பம் நேரலாமா? இன்று கேட்டும் பார்த்தும் கற்போம். உரிய வயதில் ஓட்டிக் கற்போம்.

தெரிந்து தெளிவோம்

• ஜி. டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து இயக்கத் தொடங்கினார். அக்காலக் கியர்பெட்டிகளில் பற்சக்கரங்களின் வேகத்தைத் தாமே ஒன்றுபடுத்தும் அமைப்பு இல்லை. ஒருமுறை கியர் மாற்றுவதற்குக் கிளட்சை இருமுறை அழுத்தினர். அவ்வமைப்பு 1928இல் அமெரிக்காவின் காடிலாக் காரில் அறிமுகமானது.
• மின்மோட்டார் சுழலாமல் நிற்கும்போதே இழுவிசை தரவல்லது. ஆதலால் மின்காருக்குக் கிளட்ச் மிதி தேவையில்லை. அது இவ்வாறு நின்றுபோவதும் இல்லை.
• நாம் ‘ஏற்றம்’ என்பதை மலையாளத்தில் ‘கயற்றம்’ என்பர். ‘இறக்கம்’ இரு மொழிக்கும் பொது.

சொல்லும் பொருளும்

கணவாய் – மலைகளுக்கு இடைப்பட்ட வழி
ஊறு – துன்பம், இடையூறு
உராய்வு – இரு பரப்புகள் தேய்த்துக்கொள்ளுதல்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
தண்டம் – குற்றத்திற்காகச் செலுத்தும் பணம்

மொழிப்பயிற்சி: வியங்கோள் வினைமுற்று

‘அழுத்து’ என்பது முன்னிற்பவரை ஏவும் ஏவல் வினை. ‘அழுத்துக’ என்பது வியங்கோள் வினைமுற்று. இஃது இருதிணை, ஐம்பால், மூவிடம் அனைத்திற்கும் பொதுவானது. வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய பொருள்களில் வரும். செய்முறைக் குறிப்புகளில் விதித்தல் பொருளில் இது பயில்கிறது.

(எ.கா.) விடு – விடுக, நிறுத்து – நிறுத்துக.

மதிப்பீடு

அ) கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. பொள்ளாச்சி – வால்பாறைச் சாலையில் ______ கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.
2. எந்திரத்தையும் சக்கரங்களையும் சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் உறுப்பு ______.
3. குறுகிய மலைச்சாலையில் ______ வண்டி, ______ வண்டிக்கு வழிவிட வேண்டும்.

ஆ) வியங்கோளாக மாற்றுக.
1. இயக்கு 2. உயர்த்து 3. நோக்கு

இ) குறுவினா
1. கிளட்ச் பிடிக்கும் இடத்தை உணர்த்தும் மூன்று அடையாளங்கள் யாவை?
2. மூன்றாம் கியரில் புறப்பட்டால் வண்டி நின்றுபோவது ஏன்?

ஈ) சிறுவினா
1. 1500 கிலோகிராம் எடையுள்ள வண்டி, 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சாலையில் நின்றால், அதனைப் பின்னோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ எவ்வளவு? கைபிரேக்கின் தேவையை இதனால் விளக்குக.
2. எந்திரம் நின்றபின் பிரேக் மிதியை விட்டு விட்டு அழுத்தலாகாது. ஏன்?

உ) சிந்தனை வினா
உரிமம் இல்லாத நண்பர் ஒருவர், “தெருக்கோடி வரைதானே!” என்று கூறிக் காரை எடுக்க முனைகிறார். அவருக்கு நீங்கள் கூறும் அறிவுரையை ஐந்து தொடர்களில் எழுதுக.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டில் அல்லது அண்டை வீட்டில் ஓட்டுநர் பணி செய்பவரிடம், தாம் வண்டி பழகிய முறையைக் கேட்டறிக. அவர் கூறும் செய்திகளை ஏழு படிகளாக, வியங்கோள் வினைமுற்றுகளைப் பயன்படுத்தி எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.