நின்ற தண்ணீர்

ஸ்காபரோ
ஒக்ரோபர் 4

அன்பின் மகளுக்கு,

படகின் தண்ணீர்க் குழாய்களைக் குளிர்காலத்துக்குத் தயார்படுத்துவது பற்றி நேற்று இரவு தொலைபேசியில் நீ கேட்டாய்: "பெரியப்பா, தாங்கியை வெறுமையாக்கி, பைப் எல்லாத்தையும் திறந்துவிட்டால் காணாதோ?" காணாது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். காரணத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தால் விடிந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படகுக்குக் கொண்டுபோய், ஈரக்கையோடு புரட்டிப் பார்த்துப் பார்த்துச் செய். கடதாசி நனைந்தால் பரவாயில்லை.

எங்கள் அப்பு, உனக்குப் பூட்டன், வாடைக்காலத்தில் தன் வல்லத்தைக் கரையேற்றி வைத்திருப்பார். அதில் குடிதண்ணீருக்கு இருந்தவை ஒரு மண்குடமும் ஒரு சிரட்டையும். குடத்தைக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. கிங்ஸ்ரனில் நிற்கிற உன் 29 அடிப் படகில் அந்தக் குடத்தின் வேலையைச் செய்வதற்கு ஒரு தாங்கி, ஒரு வடி, ஒரு பம்ப், ஒரு ஹீற்றர், குசினியில் ஒரு பைப், கழிப்பறையில் ஒன்று, இவற்றை இணைக்கப் பலகைகளுக்குப் பின்னால் ஒளிந்து ஓடுகிற குழாய்கள். உன் படகைக் கட்டின சி அன்ட் சி கொம்பனி 1969-இல் இதே ஒன்ராறியோவில் உருவானது. இந்த ஊர்க் குளிர் அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் 1984-இல் கட்டின படகில் நாற்பது வருசமாக ஆளாளுக்குக் கை வைத்திருப்பார்கள். ஒருவர் வடியைச் சேர்த்திருப்பார், இன்னொருவர் பின்பக்கத்தில் ஷவரை. ஆகையால் கொம்பனிப் படத்தை நம்பாதே. ஒரு டோர்ச் லைற்றோடு தாங்கியில் தொடங்கி, குழாயைக் கையால் தடவிக்கொண்டே போய், நீயே ஒரு படம் கீறு. தண்ணீர் எங்கேயெல்லாம் போகலாம் என்று பார்க்காதே. எங்கே நிற்கலாம் என்று பார். பள்ளமாகத் தொங்குகிற குழாய், தாங்கியிலிருந்து வெளியே போகிற காற்றுக்குழாயின் வளைவு, இப்படியான இடங்கள்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். இது உனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். ஆனால் ஐஸ் கட்டின இடத்திலேதான் குழாய் வெடிக்கும் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் கனகாலம் நினைத்திருந்தேன். உண்மையில் நடப்பது வேறு. குழாயின் ஓரிடத்தில் ஐஸ் ஓர் அடைப்பைப் போலக் கட்டிக்கொண்டு, மூடிக் கிடக்கிற பைப்பை நோக்கி வளரும். அடைப்புக்கும் பைப்புக்கும் நடுவில் அகப்பட்ட தண்ணீர் இன்னும் தண்ணீர்தான். அதற்குப் போக இடமில்லை. தண்ணீரை நசிக்கவும் முடியாது. அழுத்தம் ஏறி ஏறி, அந்த வழியில் எது பலவீனமோ அது விரியும்: பம்பின் பிளாஸ்ரிக் தலை, வடியின் கண்ணாடி போன்ற கிண்ணம், பைப்புக்குள் இருக்கிற மெல்லிய பித்தளை. ஐஸ் ஒரு மூலையில் இருக்க, வெடிப்பு வேறொரு மூலையில் இருக்கும். அரைவாளி தண்ணீர் வெளியில் கிடந்து உறைந்தாலும் வாளி பெரும்பாலும் தப்பிவிடுகிறது, மேலே இடம் இருப்பதால். குளிர்காலம் முழுக்கப் பைப்புகளைத் திறந்தே விட வேண்டும் என்பதற்குக் காரணம் அதுதான். நீ சொன்னதில் அந்தப் பாதி சரி.

மற்றப் பாதி எப்படிப் பிழைக்கும் என்பதை நான் படகு வைத்திருந்த முதல் வருசத்தை வைத்துச் சொல்கிறேன். நீ சொன்ன அதே வேலையைத்தான் நானும் செய்தேன். தாங்கியை இறைத்தேன், பம்ப் இருமத் தொடங்கும்வரை ஓடவிட்டேன், உள்ளே இருந்த பைப்புகளைத் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மே மாதம் தாங்கியை நிரப்பினேன். எல்லாப் பைப்பிலும் தண்ணீர் வடிவாக வந்தது. பிளேன்ரீ ஊற்றிக் குடித்துவிட்டு அன்றிரவு படகிலேயே படுத்தேன். இரவில் பம்ப் சும்மா இருக்காமல், கொஞ்ச நேரத்துக்கொருதடவை டுக் டுக் என்று இரண்டு அடி அடித்துவிட்டு நிற்கும். எங்கேயோ பைப் சொட்டுது என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன். விடிய எழும்பினால் தாங்கியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, எல்லாம் படகின் அடிவயிற்றில். பின்பக்கத்தில் நீச்சலடித்துவிட்டு ஏறுகிறவர்களுக்கென்று ஒரு ஷவர் இருந்தது. அதை நான் ஒருநாளும் பாவித்ததில்லை. பாவிக்காத பைப்பைத் திறக்க வேண்டும் என்று எவனுக்குத் தோன்றும்? பலகையைக் கழற்றிப் பார்த்தால், சூடும் குளிரும் கலக்கிற அந்தப் பித்தளை உருண்டையில் ஒரு மயிரிழை வெடிப்பு. விரலை வைத்தால் ஈரம், எடுத்தால் ஒரு சின்ன ஊசிப் பீச்சல்.

பைப் எதுவும் திறக்காமல் பம்ப் தானாக அடித்தால் எங்கேயோ ஒழுக்கு என்று அர்த்தம். இதை மறக்காதே. நான் ஒரு தாங்கித் தண்ணீரும் ஒரு நல்ல நித்திரையும் கொடுத்துப் படித்த பாடம்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் நாள். படகு ஏரியில் நிற்கும்வரைக்கும் ஏரியே அதற்குப் போர்வை. காற்றைவிட ஏரித்தண்ணீர் ஆறுதலாகத்தான் குளிரும். கிரேன் தூக்கிக் கட்டைகளில் வைத்துவிட்டால் அடிப்பக்கமும் காற்று. எனவே தூக்குகிற நாளுக்கு முன்னால் இந்த வேலையை முடி. நவம்பர் வரட்டும் என்று இருந்தால் ஓர் இரவு உன்னைக் கேளாமல் வந்துவிடும்.

வேலையில் முதற்காரியம் ஹீற்றருக்கான மின்சாரத்தை நிறுத்துவது. நிறுத்தி, அந்தச் சுவிச்சின் மேல் ரேப் ஒட்டிவிடு. வெறும் ஹீற்றரில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளே இருக்கிற சூடாக்கும் கம்பி கருகிப்போகும். வசந்தத்தில் நீயோ உன் சிநேகிதியோ அவசரத்தில் தட்டிவிடக்கூடிய சுவிச் அது. எஞ்சின் ஓடியிருந்தால் ஹீற்றருக்குள் தண்ணீர் கையைச் சுட்டுவிடும் சூட்டில் நிற்கும். சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்து, கை பொறுக்கும் சூடு வரும்வரை விடு. பிறகு தாங்கியை முழுக்க இறை. அதன்பிறகு ஹீற்றரின் அடியிலுள்ள வடிகாலைத் திற, மேலேயுள்ள அழுத்த வால்வின் நெம்பையும் தூக்கு. மேலே காற்று போகாவிட்டால் கீழே தண்ணீர் வராது. எண்ணெய்த் தகரத்தில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் களக் களக் என்று தயங்குவது போலத்தான்.

உன் ஹீற்றர் 6 கலன், அதாவது சுமார் 23 லீற்றர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், குழாய்கள் வெடிக்காமல் காக்க அடுத்து நாங்கள் ஊற்றப்போகிற இளஞ்சிவப்புத் திரவம் 3.78 லீற்றர் கான்களில்தான் வரும். ஹீற்றரைச் சுற்றிப்போக வழி செய்யாவிட்டால் அதை நிரப்பவே ஆறு கான் போகும். குளிர்தண்ணீர் உள்ளே போகும் குழாயையும் சுடுதண்ணீர் வெளியே வரும் குழாயையும் ஹீற்றரிலிருந்து கழற்றி, ஒரு சின்ன இணைப்பால் ஒன்றோடொன்று பூட்டிவிடு. ஹீற்றர் தனியே வெறுமையாக இருக்கும். திரவம் அதைத் தொடாமல் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் போகும். அப்படிச் செய்தால் உன் படகுக்கு மூன்று கான் தாராளம்.

திரவத்தைப் பற்றி நாலு வார்த்தை. கடையில் இளஞ்சிவப்பு நிறத்தில் இருப்பது புரொப்பிலீன் கிளைக்கோல். மருந்துகளிலும் தின்பண்டங்களிலும் சேர்க்கிற பொருள். குடிதண்ணீர்க் குழாய்க்கு அதுதான். காருக்கு ஊற்றுகிற அன்ரிஃப்ரீஸ் பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல். இனிப்பாக இருக்கும், சிறுநீரகத்தை அழிக்கும், நாய் நக்கினால் நாய் செத்துப்போகும். காரின் கண்ணாடி கழுவுகிற நீலத் தண்ணீரும் குளிரில் உறையாதுதானே, மலிவுதானே என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குள் இருப்பது மெதனோல், அதுவும் நஞ்சு. இளஞ்சிவப்பிலேயே சிலவற்றில் அற்ககோல் கலந்திருக்கும்; அது றப்பரைக் காயப்பண்ணும். லேபிளை வாசித்துப் புரொப்பிலீன் கிளைக்கோல் மட்டும் உள்ளதை எடு.

லேபிளில் மைனஸ் 45 என்று போட்டிருக்கும். அது உறையாத அளவு என்று எடுத்துக்கொள்ளாதே. குழாய் வெடிக்காத அளவு. மைனஸ் 10, 12-ஐத் தாண்டினாலே அது ஐஸ்பழம் உருகின மாதிரிக் கூழாகிவிடும். சனவரியில் நீ போய்ப் பார்த்து, ஐயோ உறைந்துவிட்டதே என்று எனக்குத் தொலைபேசி எடுக்காதே. கூழ் நகர்ந்து இடம் கொடுக்கும், கட்டி ஐஸைப் போல முட்டிக்கொண்டு நிற்காது. ஆனால் அந்தக் கணக்கு கலப்பில்லாத திரவத்துக்கு மட்டும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துவிட்டால் கிங்ஸ்ரனின் மைனஸ் 20 இரவுக்கு அது நிற்காது. தாங்கியை இறைக்காமல் அதற்குள்ளேயே இதை ஊற்றிவிடுகிறவர்கள் பிடிபடுவது இங்கேதான்.

நல்ல வழி தாங்கியை விட்டுவிடுவது. பம்புக்குத் தண்ணீர் இழுக்கிற குழாயைத் தாங்கியிலிருந்து கழற்றி நேரே கானுக்குள் விடு. வடியின் கிண்ணத்தைத் திறந்து கழுவிப் பூட்டு. குடிதண்ணீருக்குக் கரிவடி இருந்தால் அதன் உள்ளுறையைக் கழற்றி எறி, கிளைக்கோல் ஊறின கரியின் சுவை பிறகு போகாது. பிறகு பம்பைப் போடு. பம்புக்குக் கிட்டவுள்ள பைப்பில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திற, குளிரை முதலில், சூட்டைப் பிறகு.

பைப்பைத் திறந்தவுடனே காற்றுத் துப்பும். அடுத்து நல்ல தண்ணீர் வரும். பிறகு அது ரோஜாப்பூ நிறத்துக்கு வெளிறும். எல்லாரும் அங்கே மூடிவிடுகிறார்கள். மூடாதே. வெளிறின நிறம் என்றால் தண்ணீர் கலந்தது என்று அர்த்தம். ஒரு கண்ணாடிக் குவளையில் கானிலிருந்து கொஞ்சம் ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள். பைப்பில் வருவது அந்தக் குவளையின் நிறத்துக்கு வந்த பிறகு இன்னும் பத்து எண்ணிவிட்டு மூடு. வருவதை ஒரு வாளியில் ஏந்து, ஏரிக்குள் விடாதே.

கழிப்பறையில் கையால் பிடிக்கிற ஷவரின் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே விட வேண்டும். தொங்கவிட்டால் அதன் குழாயில் தண்ணீர் அப்படியே நிற்கும். குளித்த தண்ணீரை வெளியே இறைக்கிற சின்னப் பெட்டிக்குள் அரைக் கான் ஊற்றி, அதன் பம்பையும் ஒருதரம் ஓடவிடு. குசினியில் காலால் மிதிக்கிற பம்ப் இருந்தால் அதையும் மிதி. பின்பக்க ஷவரைப் பற்றி நான் இன்னும் சொல்ல வேண்டுமா?

கடைசியாகப் பம்பை நிறுத்து, பைப்புகளைத் திறந்து விடு. தாங்கியின் மூடியைத் திறந்து, அடியில் நிற்பதை ஸ்பொஞ்சால் ஒற்றி எடு. அகலமான தாங்கியில் இரண்டு விரல் தண்ணீர் உறைந்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் தாங்கியின் வாயில் பூட்டியிருக்கிற பிளாஸ்ரிக் இணைப்பு அந்த இரண்டு விரலுக்குள்தான் இருக்கிறது. காற்றுக்குழாயின் வளைவை மேலே தூக்கி, அதில் நிற்பதையும் ஓடவிடு. காற்றழுத்தியால் ஊதினால் போதாதா என்றும் கேட்பாய். ஊதலாம், சிலர் அதை மட்டுமே செய்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. காற்று மேலால் வழி கண்டுபிடித்துப் போய்விடும், பள்ளத்தில் நிற்கிற தண்ணீர் பள்ளத்திலேயே நிற்கும். இளஞ்சிவப்பு என்றால் கண்ணுக்குத் தெரியும்.

மேயில் செய்ய வேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன், அப்போது நான் மறந்துவிடுவேன். ஹீற்றர் குழாய்களை முந்தின மாதிரிப் பூட்டி, நல்ல தண்ணீரை நிறமும் நுரையும் போகும்வரை ஓடவிடு. பிறகு தாங்கியிலுள்ள ஒவ்வொரு லீற்றர் தண்ணீருக்கும் 1 மில்லிலீற்றர் வாசனை சேராத வீட்டுப் பிளீச் என்ற கணக்கில் விட்டு, எல்லாப் பைப்பிலும் அந்த மணம் வந்தபின் மூடி, சில மணித்தியாலம் வைத்திருந்து, மணம் போகக் கழுவு. சுடுதண்ணீர்ப் பைப்பில் காற்றில்லாமல் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் அந்த ரேப்பை உரி. அன்றிரவு படகில் படுத்துப் பம்புக்குக் காது கொடு.

சனிக்கிழமை காலை 401 நெடுஞ்சாலையால் வருகிறேன், பத்து மணிக்குள் நிற்பேன். என்னிடம் போன வருசத்து இரண்டு கான் திறக்காமல் கிடக்கின்றன, நீ ஒன்று வாங்கினால் போதும். நான் வருவதற்குள் பின்பக்க ஷவரின் பலகையைக் கழற்றி வை. அதன் திருகாணிகள் துருப்பிடித்து இறுகியிருக்கும், வெள்ளி இரவே கொஞ்சம் எண்ணெய் விட்டுவிடு.

அன்புடன்,
பெரியப்பா