மகளிர் சொத்துரிமை: சட்டமும் நம் கடமையும்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூர் ஆலங்காயம். இவ்வூரில் நிலமுள்ள தந்தை ஒருவரும், மலைமேல் நிலமுள்ள பழங்குடித் தந்தை ஒருவரும் உயில் எழுதாமல் காலமானார்கள் எனக் கொள்வோம். இருவர்க்கும் ஒரு மகன், ஒரு மகள். ஊரிலுள்ள மகளுக்குச் சட்டம் சமபங்கு அளிக்கிறது. மலையிலுள்ள மகளுக்கோ அச்சட்டம் நேராகப் பொருந்துவதில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்ந்தால் நம் இல்லத்து மகளிர்க்குரிய உரிமையும் தெளிவாகும்.

சட்டம் வளர்ந்த வரலாறு

1937ஆம் ஆண்டுச் சட்டம் கணவனை இழந்த பெண்ணுக்குப் பங்களித்தது. எனினும் அது அவள் ஆயுட்காலம் வரை அனுபவிக்கும் உரிமையே. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அவளை முழு உரிமையாளர் ஆக்கியது. உயிலின்றி இறந்தவரின் சுயார்ஜிதச் சொத்தில் தாய், மனைவி, மகன், மகள் ஆகியோர்க்குச் சமபங்கும் வகுத்தது. ஆயினும் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை ஆண்மக்களிடமே நின்றது.

இக்குறையைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் நீக்க முற்பட்டது. ஆனால் அந்நாளுக்கு முன் மணமான மகளிர் விடுபட்டனர். 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம், மணமானவர், ஆகாதவர் என்னும் வேறுபாட்டை அகற்றியது. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டுவதில்லை என்று 2020 ஆகஸ்டு 11இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறைப்படி பதிவான பாகப்பிரிவினைகள் மாறுவதில்லை.

நமக்கும் பொருந்துமா?

சட்டத்தின் பெயரைக் கண்டு, இது நமக்கன்று என எண்ணுவோர் உளர். பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோர்க்கும் இது பொருந்தும் என அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவே கூறுகிறது. 2014 ஜனவரியில் சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டதால் வாரிசுரிமையில் எம்மாற்றமும் ஏற்படவில்லை.

மலைவாழ் மகளின் நிலை

அதே இரண்டாம் பிரிவு, மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றி, பட்டியல் பழங்குடியினர்க்கு இச்சட்டம் பொருந்தாது என்கிறது. ஜவ்வாது மலையின் மலையாளி மக்கள் அப்பட்டியலில் உள்ளோர். அவர்தம் வழக்காறுகளைக் காப்பதே இவ்விலக்கின் நோக்கம். ஆனால் ஆண்மக்களுக்கே நிலம் என்பது வழக்காறாயின், காக்கப்படுவது யாருடைய உரிமை? இவ்விலக்கை மறுபரிசீலனை செய்யுமாறு 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசை வலியுறுத்தியது. 2025 ஜூலை 17இல், கோண்டு பழங்குடிப் பெண் ஒருவரின் வாரிசுகள் தொடுத்த வழக்கில், பெண்களை விலக்கும் வழக்காறு மெய்ப்பிக்கப்படாததால் சமபங்கு உண்டு எனத் தீர்ப்பளித்தது. எனினும் மலைவாழ் மகள் தன் பங்கைப் பெற நீதிமன்றப் படியேற வேண்டிய நிலையே நீடிக்கிறது.

ஒரு கையொப்பம்

மலைவாழ் மகளுக்குத் தடையாய் நிற்பது சட்டத்தின் இடைவெளி. நம் மகளுக்குத் தடையாய் நிற்பதோ பல வேளைகளில் நம் வீட்டுக் கூடமே. "சீர்வரிசை செய்தாயிற்று, கையெழுத்துப் போடம்மா" என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறோம். திருமணச் செலவு சொத்தின் பங்காகாது. மகள் முழு மனத்துடன், விவரம் அறிந்து விட்டுக்கொடுப்பது அவள் விருப்பம். சொத்தின் அளவையும் மதிப்பையும் மறைத்துப் பெறும் கையொப்பம் அவ்வாறன்று. வஞ்சித்துப் பெற்ற பத்திரத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்; ஆயினும் உண்மை அறிந்த நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்தல் வேண்டும். அண்ணன்மேல் வழக்குத் தொடுக்க எத்தனை தங்கையர் துணிவர்?

ஆகவே பத்திரம் எழுதுமுன் பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை மகளிர்க்கும் காட்டுவோம். படித்துப் பார்க்க நாட்களும் அளிப்போம். சுயார்ஜிதச் சொத்தை விருப்பம்போல் பகிர எண்ணும் தந்தையர், தம் வாழ்நாளிலேயே வெளிப்படையாக உயில் எழுதுவாராக. கள்ளாமையையும் மிகுபொருள் விரும்பாமையையும் அணுவிரதங்களாகப் போற்றும் நாம், உடன்பிறந்தாளின் பங்கில் அவற்றை மறக்கலாகாது. சட்டம் வழங்கிய உரிமையை வீட்டிற்குள்ளேயே மனமுவந்து வழங்குவோமாக.