முதுமையில் நினைவுக்குப் பயிற்சி

3, 8, 1, 6, 9. இந்த ஐந்து எண்களையும் ஒரு முறை படித்துவிட்டு இதழை மூடுங்கள். இப்போது கடைசியிலிருந்து முதல்வரை திருப்பிச் சொல்லுங்கள், பார்ப்போம்!

எண்களை மனத்தில் நிறுத்தவும் வேண்டும். அதே வேளையில் இடம் மாற்றவும் வேண்டும். இந்த இரட்டை வேலையைச் செய்வதே 'செயல் நினைவு'. அதன் கொள்ளளவு மிகச் சிறியது. வயது ஏற ஏற இன்னும் குறைகிறது.

மறதி நோய் கண்ட கணவரை வீட்டில் பார்த்துக்கொள்ளும் எழுபது வயதுப் பாட்டியை எண்ணிப் பாருங்கள். அடுப்பில் பால். காலை மாத்திரை கொடுத்தாயிற்றா? வாசற்கதவு தாழிட்டிருக்கிறதா? "இன்றைக்கு என்ன கிழமை?" என்று தாத்தா பத்தாவது முறையாகக் கேட்கிறார். முன்பு இருவர் நினைவில் இருந்த வீட்டு விவகாரங்கள் முழுவதும் இப்போது ஒருவர் தலையில்!

இந்தப் பாரம் உடலையும் தாக்குகிறது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதி நோயுற்ற உறவினரைப் பராமரித்த 13 பெண்களின் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு காயம் உண்டாக்கினர் (அவர்கள் சம்மதத்துடன்தான்!). அப்பொறுப்பு இல்லாத, ஒத்த வயதுடைய 13 பெண்களுக்கும் அவ்வாறே செய்தனர். 1995-ல் வெளியான முடிவு: பின்னவர்களுக்குக் காயம் ஆறச் சராசரி 39.3 நாள், பராமரித்தவர்களுக்கு 48.7 நாள்.

செயல் நினைவுக்குத் தாமே பயிற்சி கொடுத்துக்கொண்டால் பாரம் சற்றுக் குறையுமா? எண்களைத் திருப்பிச் சொல்வது ஒரு பயிற்சி. கணிப்பொறியிலும் உண்டு. சரியாகச் செய்தால் கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். ஆசிரியர் வேண்டியதில்லை. வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு இது பெரிய வசதி.

பலன் உண்டா என்று அளப்பதில்தான் சிக்கல். வெர்னியர் அளவியில் சுழிப்பிழையைக் கழிக்காமல் விடை எழுதினால் மதிப்பெண் போய்விடும் அல்லவா? இங்கும் அப்படித்தான். ஒரே தேர்வை இரண்டாம் முறை எழுதினால், பயிற்சியே இல்லாவிட்டாலும் மதிப்பெண் சற்று ஏறும். அதைக் கழிக்க, பயிற்சி பெறாத ஒரு குழுவும் வேண்டும்.

அமெரிக்காவில் 1998-ல் தொடங்கிய 'ஆக்டிவ்' ஆய்வில் அத்தகைய குழு இருந்தது. 65 முதல் 94 வயது வரையுள்ள 2,832 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். நினைவு, பகுத்தறிதல், விரைந்து கண்டறிதல் என மூன்று குழுக்களுக்குப் பத்து வகுப்புகள்; நான்காவதற்கு ஒன்றுமில்லை. 2002-ல் வெளியான முடிவுப்படி ஒவ்வொரு குழுவும் தான் பயின்றதில் முன்னேறியிருந்தது. ஆனால் நினைவுப் பயிற்சியால் வேகம் கூடவில்லை. இரண்டு ஆண்டுகள் வரை அன்றாட வேலைகளிலும் வேறுபாடு தெரியவில்லை. பந்தெறிந்து பழகியவனுக்கு நீச்சல் வந்துவிடுமா?

ஆகவே பயிற்சியை விட, கிழமைவாரியாக அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டியையும் சுவரில் பெரிய தினசரிக் காலண்டரையும்தான் நான் முதலில் சொல்வேன். பாட்டி நினைவில் சுமப்பதை அவை சுமக்கும்.

பாட்டிக்கு எண் விளையாட்டும் பிடித்திருந்தால், நாளும் 15 நிமிடம் செய்யட்டும். நீங்கள் தாத்தாவிடம் உட்கார்ந்திருங்கள். நோட்டில் இரண்டு பத்திகள் போடுங்கள். ஒன்றில் சரியாகச் சொன்ன எண்கள். மற்றதில் தவறிப்போன மாத்திரைகள், பாட்டி தூங்கிய மணி. நமக்கு முக்கியம் இரண்டாவது பத்தி.

அதில் முன்னேற்றம் தெரிந்தால், அது எண்களால் வந்ததா, நீங்கள் கொடுத்த 15 நிமிட ஓய்வால் வந்ததா? அடுத்த இரண்டு வாரம் எண்களை நிறுத்திவிட்டு, அந்த 15 நிமிடத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.