திருவனந்தபுரத்து வீட்டுத் தோட்டத்தில் முள்ளங்கி

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் விற்பனையாகும் முள்ளங்கியில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருவதாகும். கரமனை, வலியசாலை, கோட்டையகம் போன்ற தமிழ்க் குடியிருப்புகளில் நெடுங்காலமாகப் பழகிய இக்காய், இன்று நகரத்தின் ஏனைய இல்லங்களிலும் சாம்பாருக்கு வேண்டப்படுகிறது. ஆயினும் தென்னையும் வாழையும் மரவள்ளியும் நிறைந்த கேரளத்துப் புரையிடங்களில் பயறு, வெண்டை, தண்டுக்கீரை ஆகியவை பெற்ற இடத்தை முள்ளங்கி பெறவில்லை. பயிரிட்டவர்களில் பலர், இலை செழித்ததேயன்றிக் கிழங்கு பருக்கவில்லை என்று கைவிட்டனர். இத்தோல்விக்கு நிலத்தைக் காட்டிலும் நாட்காட்டியே பெரிய காரணம் எனலாம்.

எல்லையும் காய்கறியும்

கேரளத்தின் காய்கறிப் பற்றாக்குறை பற்றிப் பேசுவோர் ஒரு வரலாற்று உண்மையை மறந்துவிடுகின்றனர். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றிருந்த நாஞ்சில்நாடு, 1956 நவம்பர் 1 ஆம் நாள் வரை அதே ஆட்சி எல்லைக்குள் இருந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தன. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகர்கோவிலிலிருந்து வரும் காய் அந்நாள் முதல் வெளிமாநிலச் சரக்காயிற்று. எனவே இவ்வணிகத்தைக் குறைபாடாகவே கருத வேண்டியதில்லை.

எனினும், 2015 ஆம் ஆண்டில் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் குறித்து இரு மாநிலங்களுக்கும் கருத்து வேறுபாடு எழுந்தபின், வீட்டுத் தோட்டத்திற்குப் புதிய ஆதரவு கிட்டியது. ‘ஓணத்துக்கு ஒரு முறம் பச்சைக்கறி’, 2020 இல் தொடங்கிய ‘ஜீவனி’ ஆகிய திட்டங்கள் விதையையும் நாற்றையும் இல்லந்தோறும் கொண்டுசென்றன. 1987 முதல் ஊராட்சிதோறும் இயங்கும் கிருஷிபவன்கள் இதற்கு வாய்க்காலாக அமைந்தன. இவற்றின் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆனால் ஆவணித் திருநாளைக் கணக்கிட்டு விதைப்பது தென்மேற்குப் பருவமழையில் விதைப்பதாகும். வெண்டைக்கும் பயற்றுக்கும் அது ஒருவாறு பொருந்தும், முள்ளங்கிக்குப் பொருந்தாது. ஓயாத ஈரத்தில் கிழங்கு அழுகும். மேகமூட்டத்தில் இலைக்கும் கிழங்குக்கும் போதிய வெயில் கிட்டாது. நாற்று வழங்கும் முறையும் இப்பயிருக்கு ஏலாது. முள்ளங்கியைப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் வளைந்து, கிழங்கு கோணிப் பிளவுபடும். விதையை நிலத்தில் நேரே ஊன்றுவதே முறை.

பருவமும் இரகமும்

இந்நகருக்கு ஏற்ற காலம், துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை ஓயத் தொடங்கும் நவம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி வரையாகும். தமிழ்க் கணக்கில் கார்த்திகை, மார்கழி. அப்போதும் பகல் வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டும். இரவில் 22 பாகையளவுக்கே இறங்கும். ஆகவே குளிர்நில இரகங்களை இங்கே விதைத்துப் பயனில்லை. அவை இலையைத் தள்ளுமேயன்றிக் கிழங்கு வைக்கா. புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் ‘பூசா சேத்கி’ வெப்பம் தாங்கும் இரகம். வடநாட்டில் கோடையிலும் மழைக்காலத்திலும் விதைப்பதற்காக உருவாக்கப்பட்டது. 40 முதல் 45 நாட்களில் அறுவடைக்கு வரும். விதைப் பொட்டலத்தில் இரகப் பெயர் இல்லாமல் ‘முள்ளங்கி’ என்று மட்டும் அச்சிட்டு வழங்குவது, பயனாளியின் உழைப்பைக் குருட்டு வாய்ப்புக்கு விடுவதற்கு ஒப்பாகும்.

மண்

மாவட்டத்தின் இடைநிலப் பகுதியில் சரளை மண்ணும், கடலோரத்தில் மணலும் மிகுதி. வெட்டுகல் எடுக்கும் அளவுக்கு இறுகிய சரளை மண்ணில் கிழங்கு இறங்காது. ஓரடி ஆழத்துக்குக் கொத்திக் கல்லைப் பொறுக்கி, மேட்டுப்பாத்தி அமைக்க வேண்டும். கேரள மண் பொதுவாக அமிலத்தன்மை உடையது. மண் பரிசோதனை செய்யாத நிலையில் சதுர மீட்டருக்கு 50 கிராம் அளவில் சுண்ணாம்புத் தூள் தூவி, இரு வாரம் கழித்து நன்கு மக்கிய தொழு உரம் இரண்டு கிலோ கலக்கலாம். மக்காத சாணமும் கிழங்கைப் பிளக்கச் செய்யும். தழைச்சத்து மிகுந்தால் இலையே பெருகும். சாம்பல்சத்துக்கு அடுப்புச் சாம்பலைச் சிறிதளவு இடலாம். கிழங்கின் உட்பகுதி பழுப்பேறிக் காணப்பட்டால் போரான் குறைவு என்று ஐயுறலாம். இது கேரளத்தில் பரவலாகக் காணப்படும் குறையாகும். ஆனால் இந்நுண்சத்து மிகுந்தால் நஞ்சாகும். பரிசோதனையின்றி வெண்காரம் இடுதல் கூடாது.

தென்னையின் நிழல் விழும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் தேவை. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, சதுர கிலோமீட்டருக்கு 1,508 பேர் வாழ்ந்த இம்மாவட்டத்தில் வெயில் படும் வெற்றிடம் பலருக்கு மொட்டைமாடியே. அங்கே வளர்ப்புப் பைகளில் மண், மணல் அல்லது மக்கிய தென்னை நார்க்கழிவு, தொழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் நிரப்பலாம். பையின் ஆழம் 30 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. காங்கிரீட் தளத்தின் சூடு வேரைத் தாக்காதிருக்கப் பைகளைச் செங்கல்லின்மேல் வைப்பது நன்று.

வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் விட்டு, ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து நாட்களில் முளைக்கும். இரண்டு மூன்று இலை விட்டதும் செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் இருக்குமாறு களைந்துவிட வேண்டும். இப்படிக் களைவதற்கு மனமின்றி விட்டுவிடுவதே வீட்டுத் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் பிழை. களைந்த இளஞ்செடி கீரையாகும்; அதில் இழப்பேதுமில்லை. ஈரம் சீராக இருத்தல் வேண்டும். காய்ந்த பாத்தியில் திடீரென்று நீர் பாய்ச்சினால் கிழங்கு வெடிக்கும். அசுவினிக்கும் இலை தின்னும் வண்டுக்கும் வேப்பெண்ணெய்–பூண்டுக் கரைசல் போதுமானது. ஆப்பிரிக்கப் பெருநத்தை வந்தால் இரவில் கையால் பொறுக்கி அழிப்பதே வழி.

கணக்கு

மூன்று சதுர மீட்டர் பாத்தியில் மேற்கூறிய இடைவெளிப்படி 100 செடிகள் நிற்கும். விதை மூன்று கிராம் போதும். கிழங்கொன்று 100 கிராம் என்று குறைத்தே மதிப்பிட்டாலும் 10 கிலோ கிடைக்கும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், வேர், கிழங்கு வகைகளில் நாளொன்றுக்கு ஒருவருக்கு 50 கிராம் என்று வகுத்தது. அந்த அளவில் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இது 50 நாட்களுக்கு வரும். ஆனால் அனைத்தும் ஒரே வாரத்தில் முற்றினால் கணக்கு ஏட்டளவிலேயே நிற்கும். நாள் கடந்த கிழங்கு நாரேறி உள்ளே பஞ்சாகிவிடும். ஆதலால் பாத்தியை மூன்றாகப் பிரித்து, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஒரு பகுதியாக விதைத்தல் வேண்டும்.

சந்தையில் முள்ளங்கி விலை மலிந்த காய். வீட்டாரின் உழைப்புக்குக் கூலி கணக்கிட்டால் இதில் பண ஆதாயம் இராது. திட்ட மதிப்பீடுகளில் இதனை ஒளிக்கத் தேவையில்லை. ஆதாயம் வேறிடத்தில் உள்ளது. வெளியூரிலிருந்து வரும் முள்ளங்கியில் இலை வாடிக் கழிந்துவிடுகிறது. கால்சியமும் வைட்டமின் சி சத்தும் கிழங்கைவிட அவ்விலையிலேயே மிகுதி. பறித்த அன்றே சமைக்கும் வீட்டுக்கு மட்டுமே அது கிட்டும். எத்தனை பைகள் வழங்கப்பட்டன என்று எண்ணும் அறிக்கைகள், எத்தனை வீடுகளில் இரண்டாம் முறை விதைக்கப்பட்டது என்பதையும் கேட்டறிந்தால் செலவின் பயன் தெளிவாகும்.

பிப்ரவரி இறுதியில் வெயில் ஏறியதும் முள்ளங்கியை நிறுத்திவிட்டு, அதே பாத்தியில் பயறு ஊன்றலாம். முள்ளங்கிக்குப் பின் உடனே முட்டைக்கோசு, காலிபிளவர் போன்ற கடுகுக் குடும்பப் பயிர்களை வைத்தால் அதே பூச்சிகள் தொடரும்.