கோதுமையை நிறுத்துவதற்கு முன்

அன்புள்ள கயல்,

குடலைச் சரிசெய்தால் செரட்டோனின் என்ற ரசாயனம் சரியாகும், ஆட்டிசமும் போய்விடும் என்று யாரோ அம்மாவிடம் சொல்ல, தம்பிக்குப் பாலையும் கோதுமையையும் நிறுத்தப் போவதாக எழுதியிருக்கிறாய். குடல் விஷயம் உண்மைதான். உடம்பிலுள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உண்டாகிறது. குடல் அசைந்து கொடுக்க அது வேண்டும். ஆனால் ரத்தத்திலிருக்கும் செரட்டோனின் மூளைக்குள் நுழையாது. மூளை தன் தேவைக்குத் தானே தயாரித்துக்கொள்கிறது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்கு ரத்தத்தில் செரட்டோனின் கூடுதலாக இருப்பதை 1961-லேயே கண்டார்கள். கூடுதல்தானே, குறைத்துவிடலாம் என்று 80-களில் அமெரிக்காவில் ஃபென்ஃப்ளூரமைன் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அளவென்னவோ குறைந்தது. ஆரம்பத்தில் தெரிந்த முன்னேற்றம் அடுத்தடுத்த சோதனைகளில் நிலைக்கவில்லை. எடை குறைக்க விற்ற அதே மருந்து இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997-ல் கடைகளிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆட்டிசத்தில் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பங்கு உண்டா என்றும் நிறைய ஆராய்ச்சி நடக்கிறது. அதை நம்பி வீட்டில் வைத்தியம் தொடங்கும் கட்டம் வரவில்லை.

குடல் கிருமிகள்தான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்பார்கள். 2021-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று அதைத் திருப்பிப் போட்டது: இந்தப் பிள்ளைகள் நாலைந்து பண்டங்களையே திரும்பத் திரும்பச் சாப்பிடுவதால்தான் கிருமிகளின் வகை குறைகிறதாம். உன் தம்பி சாப்பிடுவதே தயிர்சாதமும் சப்பாத்தியும் பிஸ்கட்டும். அதிலும் கை வைத்தால் மிச்சம் என்ன?

இதற்காக அவன் வயிற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. கட்டில் விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு படுக்கிறான், ராத்திரி எழுந்து தலையில் அடித்துக்கொள்கிறான் என்றாயே, எனக்கு அதுதான் கவலை. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை வலியை இப்படித்தான் காட்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் சகஜம். ஜட்டியில் அடிக்கடி கறை படுகிறது என்பதை வயிற்றுப்போக்கு என்று நினைத்துவிடாதே. உள்ளே மலம் இறுகி அடைத்திருந்தாலும் ஓரமாகக் கசியும். எப்போது போனான், எப்படிப் போனான், அன்றைக்குத் தூக்கம் எப்படி என்று ஒரு நோட்டில் குறித்துவை. குழந்தை டாக்டரிடம் காட்டு. சிக்கல் தீர்ந்தால் ஆட்டிசம் போகாது, ராத்திரி தூங்குவான்.

கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகமிருந்தால் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அது சரியாகக் காட்டும். அதனால் இந்த வாரம் சப்பாத்தியை நிறுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
அத்தை